கரையோரப் பயணம் – 5: இடம் மாறும் துறைமுகங்கள்

சென்ற இதழைத் தூத்துக்குடியில் மக்ரூன் பொட்டலத்தோடு முடித்திருந்தேன். இந்த இதழ் அங்கிருந்து கன்னியாகுமரி வரை. கரையோரமாகப் போனால் சுமார் 130 கிலோமீட்டர். எங்கும் நிற்காமல் ஓட்டினால் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடலாம். அப்படிப் போவதாக இருந்தால் இந்தப் பாதையே வேண்டாம், நாற்கரச் சாலை இருக்கிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலை என்று பலகை சொல்கிறதே தவிர, இந்தப் பக்கத்தில் சாலையிலிருந்து கடல் அபூர்வமாகத்தான் தெரியும். உடைமரமும் பனையும் மறைத்துக்கொள்ளும். காரோட்டி வந்த தம்பி உள்ளூர்க்காரர். புறப்படும்போதே சொல்லிவிட்டார்: “அண்ணாச்சி, நேரே போனா பஸ்ஸுல போற மாதிரிதான். கடலப் பாக்கணும்னா ஒவ்வொரு ஊருலயும் எடது பக்கம் திரும்பணும், பாத்துக்கிடுங்க.”

மே மாதம். இருட்டோடு கிளம்பியதற்கு வெயில் ஒரு காரணம், உப்பளம் இன்னொரு காரணம். முத்தையாபுரம் தாண்டியதும் பாத்திகள் தொடங்கிவிடுகின்றன. உப்பு வாருகிறவர்களின் வேலை விடியுமுன்பே ஆரம்பம்; வெயில் ஏறிவிட்டால் வெள்ளைத் தரையின் கூச்சத்தில் கண்ணைத் திறக்க முடியாது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு இந்த மாவட்டத்துடையது. பெண்கள் வரிசையாகச் சுமந்து வந்து கரையில் அம்பாரம் குவித்துக்கொண்டிருந்தார்கள். சூரியன் எழும்போது பாத்திகள் சிவப்பதைப் படமெடுக்கக் காமிராவோடு ஆட்கள் வருகிறார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் சுமை தூக்குகிறவர்களைக் காட்சியாகப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் நிற்பது? ஏறிக்கொண்டோம்.

இடது பக்கம் என்று சொன்னவர் முதல் திருப்பத்தையே வலது பக்கம் எடுத்தார். கொற்கைக்கு. பாண்டியரின் முத்துத் துறைமுகம், கிரேக்கக் கடலோடியின் குறிப்பேட்டிலும் இடம்பெற்ற ஊர், இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே தள்ளி வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. ஒரு குளம், ஒரு முதிய வன்னிமரம், சின்னக் கோயில். கப்பல் வந்த இடம் என்று அடித்துச் சொன்னாலும் நம்புவது கஷ்டம்.

காரணம் தாமிரபரணி. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிக்கொண்டே போக, துறைமுகமும் கூடவே நகர்ந்தது. கொற்கை தூர்ந்தபின் பழையகாயல். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்குவதைப் பற்றி எழுதிய காயல் அதுதான் என்கிறார்கள். அதுவும் தூர்ந்தபின் ஆற்றின் முகத்துவாரத்தில் புன்னைக்காயல், போர்த்துகீசியர் காலத்தில். அதற்குப் பிறகே தூத்துக்குடி தலையெடுத்தது. இந்த நகர்வைக் களத்தில் வந்து தோண்டிப் பார்த்துச் சொன்னவர் கால்டுவெல். அவரை மாலையில் மறுபடி சந்திப்போம்.

புன்னைக்காயலுக்குச் சாலையை விட்டு இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலைத் தமிழில் தந்த அண்ட்ரிக் அடிகளார் நெடுங்காலம் வாழ்ந்த ஊர் இது. இந்திய மொழியொன்றின் எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்திருக்கும் முதல் புத்தகங்களில் ஒன்றின் ஆசிரியருடைய ஊர் என்பதற்கு நான் எதிர்பார்த்த ஆரவாரம் எதுவும் இல்லை. ஆற்று முகத்தில் படகுகள் கட்டிக்கிடந்தன. ஒரு பெரியவர் வலை பின்னிக்கொண்டிருந்தார்.

காயல்பட்டினத்தைத் தெருவோடு கடந்தோம். திருச்செந்தூரில் விடுமுறைக் கூட்டம், வண்டி நிறுத்தவே இடமில்லை. இங்கே ராஜகோபுரம் மேற்கே இருக்கிறது, கிழக்கே கடல். அண்மை ஆண்டுகளில் கோயில் முன்னால் கடல் கரையை அரித்துப் படிக்கட்டையொட்டிப் பெரிய பள்ளமே விழுந்திருக்கிறது. கொற்கையில் பின்வாங்கிய கடல் இங்கே வாசலுக்கு வருகிறது. சண்முகரைக் கூட்டத்துக்கு மேலாகக் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டினோம்.

தேரிக்காட்டில்தான் அன்றைக்கு அதிக நேரம் செலவழித்தேன். குதிரைமொழித் தேரி. கடலை விட்டு உள்ளே, கண்ணுக்கெட்டியவரை செம்மணல் மேடுகள். மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்து வந்த நிறம் இது. ஆடிக்காற்று வீசினால் மேடுகள் உருமாறும். நேற்றிருந்த தடம் இன்றிருக்காது. இந்தத் தேரிகளில் கிடைத்த சிறு கற்கருவிகளைப் பற்றி ஆய்வாளர்கள் சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் கட்டுரை எழுதினார்கள். கடல்மட்டம் வேறாக இருந்த காலத்தில் இங்கே உட்கார்ந்து கல்லைச் செதுக்கியவர்களுக்கு அலைச்சத்தம் கேட்டிருக்குமோ என்னவோ. இப்போது கேட்பது கொல்லாமரத்தில் காற்று மட்டும். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்து பார்க்கலாம் என்று இறங்கினேன். பத்து மணிக்கே அது நடக்கிற காரியமில்லை.

விளிம்பில் ஒரு பனையேறி பதநீர் இறக்கியிருந்தார். ஓலையை மடித்துப் பட்டை பிடித்து, நுங்கை வழித்துப் போட்டு ஊற்றிக் கொடுத்தார். காலிப் பட்டையை நீட்டினால் கேட்காமலே நிறைத்தார். “குடிங்கய்யா, நேரம் போனா புளிச்சிரும்லா.” அருகிலுள்ள உடன்குடிக் கருப்பட்டி 2023இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. மரம் ஏறத்தான் ஆள் இல்லை. அவர் பையன் திருப்பூரில் இருக்கிறானாம்.

குலசேகரன்பட்டினத்தில் தசராவின்போது காளியும் குரங்கும் குறவனும் பிச்சைக்காரருமாக வேடமிட்டுத் தெருவே நிறைந்திருக்கும். மே மாதத்தில் முத்தாரம்மன் கோயில் வாசலில் நான்கைந்து பேர்தான். 1942இல் ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது உப்பளத்தில் லோன் என்ற ஆங்கிலேய அதிகாரி கொல்லப்பட்டு, தூக்குத்தண்டனை வரை போன வழக்கும் இந்த ஊருடையதுதான்.

இன்று ஊரின் பேச்சு வேறு. இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். 2,000 ஏக்கருக்கு மேல் நிலம். இந்த ஊரை ஏன் பிடித்தார்கள் என்பது வரைபடத்தைப் பார்த்தால் புரியும். துருவப் பாதைக்கான ராக்கெட் தெற்கு நோக்கிப் போக வேண்டும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போனால் வழியில் இலங்கை. தலைக்குமேல் பறக்கக் கூடாது என்பதால் ராக்கெட் வளைந்து போகிறது. வளைவதற்கு எரிபொருள் செலவு. பெரிய ராக்கெட் அதைத் தாங்கும், சிறிய ராக்கெட்டுக்குச் சுமக்கும் எடையே குறைந்துபோகும். குலசையிலிருந்து நேர் தெற்கே வெறும் கடல்தான். முத்துக்கும் குதிரைக்கும் துறை தேடிய கரை, அடுத்த துறையை இங்கே கண்டிருக்கிறது. இந்தத் துறை தூர்ந்துபோக ஆற்றுக்கு வேலையில்லை.

அடுத்த இடப்பக்கம் மணப்பாடு. ஒரே ஒரு நிறுத்தத்துக்குத்தான் நேரமிருக்கிறது என்று யாராவது கேட்டால் இதைச் சொல்வேன். கடலுக்குள் நீண்ட மணற்குன்று, உச்சியில் திருச்சிலுவைக் கோயில், அடியில் குகை, பக்கத்தில் ஆற்றுக் கழி. புயலில் சிக்கித் தப்பிய போர்த்துகீசியக் கப்பலின் பாய்மரத்தில் செய்த சிலுவையை 1540இல் இங்கே நட்டார்கள் என்றும், 1581இல் கோயில் எழுந்தது என்றும் சொல்கிறார்கள். 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் குகையில் தங்கியிருந்தாராம். குன்றின் மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல் கொந்தளிக்கிறது, மறுபக்கம் கழி அசையாமல் கிடக்கிறது. அலைச்சறுக்கு விளையாட்டுக்காரர்கள் இந்த ஊரைக் கண்டுபிடித்து ஆண்டுகளாகின்றன.

சாப்பாட்டுக் கடையில் சீலா கேட்டோம். “தடைக்காலம்லா அண்ணாச்சி,” என்றார் கடைக்காரர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கிழக்குக் கரையில் கடலுக்குள் போகக் கூடாது. நாட்டுப்படகில் வந்த சாளைதான் கிடைத்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை, குழம்பை இரண்டாம் முறையும் வாங்கினேன்.

உவரியில் கப்பல் மாதா கோயில். கட்டடமே கப்பல், மேலே விமானம். சிலருக்குச் சிரிப்பு வரலாம். கடலுக்குப் போகிறவனும் வளைகுடாவுக்குப் பறக்கிறவனும் ஒரே வீட்டில் இருக்கும் ஊரில் இதைவிடப் பொருத்தமான கோயில் எனக்குத் தோன்றவில்லை. அங்கிருந்து சற்று உள்ளே இடையன்குடி. 1841இல் இங்கே வந்த கால்டுவெல் 1847இல் தொடங்கிய தேவாலயம் முடிய 33 ஆண்டுகள் ஆயின. 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்தபோது சுவர்கள் பாதியில் நின்றிருக்கும். கல்லறையும் உள்ளேயே இருக்கிறது. ஒலிபெருக்கி இல்லாத மாலை நேரத்தில் போக வாய்த்தது எங்கள் அதிர்ஷ்டம்.

கூடங்குளத்தைத் தாண்டும்போது அணுமின் நிலையக் கூண்டுகள் தூரத்தில் தெரிந்தன. தலா 1,000 மெகாவாட்டில் இரண்டு உலைகள் ஓடுகின்றன, மேலும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இடிந்தகரைக்குத் திரும்பச் சொன்னேன். 2011இல் அணு உலையை எதிர்த்து மாதக்கணக்கில் மக்கள் உண்ணாவிரதம் இருந்த லூர்து மாதா கோயில் முன்றிலில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்தப் போராட்டத்தைப் பற்றிக் கேட்டால் பேசுகிறார்கள், ஆனால் கேட்பவர் யார் என்று முதலில் அளந்துகொள்கிறார்கள். வழக்குகளைப் பார்த்தவர்கள், அப்படித்தான் இருப்பார்கள்.

கன்னியாகுமரியில் வள்ளுவர் சிலையையும் விவேகானந்தர் பாறையையும் இணைக்கும் 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பரில் திறந்ததிலிருந்து படகுத்துறையில் கூட்டம் கூடிவிட்டது. அந்த ஊரை எட்டுமுன்பே வட்டக்கோட்டையில் இறங்கிவிட்டோம். திருவிதாங்கூர் கட்டிய கருங்கல் மதில். அலை வந்து அடியில் மோதுகிறது. நாள் முழுக்க இடப்பக்கம் திரும்பித் திரும்பித் தேடிய கடல், இங்கே மதில்மேல் ஏறினால் தடையில்லாமல் கிடைக்கிறது. இந்தக் கோட்டையை வலுப்படுத்தியவர் டிலனாய் என்ற டச்சுப் படைத்தலைவர். 1741இல் திருவிதாங்கூரோடு சண்டைக்கு வந்து, தோற்று, சிறைப்பட்டு, பிறகு அதே அரசின் தளபதியானவர். அவர் பிடிபட்ட இடம் குளச்சல். நாளைக் காலை அங்கே போகிறோம். இனிமேல் கடல் இடப்பக்கம்தான், ஆனால் அது அரபிக்கடல்.

(தொடரும்)