ரூம் சரியில்லை... கொடுத்த பணம் திரும்பக் கிடைக்குமா? ஸ்ரீரங்கம் போகிறவர்களுக்கு ஒரு கைவிளக்கு!

பாம்பணையில் அரங்கன் ஆனந்தமாகப் பள்ளிகொண்டிருக்கும் ஊர் ஸ்ரீரங்கம். அவரைப் பார்க்க வருகிறவர்களுக்குத்தான் எங்கே படுப்பது என்ற கவலை. சென்னையில் ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிவதற்குள் வந்து சேர்ந்துவிடலாம். கையில் பெட்டி, தோளில் தூங்கும் குழந்தை, கூடவே முட்டி வலியோடு பாட்டி. விஸ்வரூப தரிசனத்துக்குள் குளித்துத் தயாராக வேண்டும். நாலு இடம் ஏறி இறங்கி அறை பார்க்கும் பொறுமை அந்த நேரத்தில் யாருக்கும் இருக்காது. பணத்தைக் கட்டி, சாவி வாங்கி, கதவைத் திறந்த பிறகுதான் விஷயம் தெரியும். வெந்நீர் வராது, விரிப்பில் யாரோ படுத்த மடிப்பு, குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது.

"தம்பி, இந்த ரூம் வேண்டாம்ப்பா" என்கிறார் பாட்டி. கீழே வந்து கேட்டால், "என்ட்ரி போட்டாச்சு சார், பணம் ரிட்டர்ன் கிடையாது" என்று பதில் வருகிறது. தமிழ்நாட்டின் எந்தக் கோயில் ஊரிலும் நடக்கக்கூடிய உரையாடல் இது. பெரும்பாலான குடும்பங்கள் "போனால் போகட்டும்" என்று வேறு இடம் தேடிப் போய்விடுகின்றன. அப்படி விட்டுவிட்டுத்தான் வர வேண்டுமா?

சத்திரம் இருந்த ஊர்

வழிப்போக்கருக்கு இடம் கொடுப்பது திருச்சிக்குப் புதிதல்ல. 17-ம் நூற்றாண்டின் இறுதியில் திருச்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயரைச் சொன்னாலே சாலையும் சத்திரமும்தான் நினைவுக்கு வரும். மலைக்கோட்டைக்கு அருகில் இருக்கும் பேருந்து நிலையத்துக்கு இன்றும் 'சத்திரம்' என்றுதான் பெயர். தர்மத்துக்குக் கிடைத்த திண்ணையில் யாரும் குறை சொன்னதில்லை. தங்குவதற்குக் காசு என்று ஆனபோது, காசுக்கு ஏற்ற இடம் என்ற கணக்கும் கூடவே வந்துவிட்டது.

இன்று திருச்சியில் தங்கும் விடுதிகளை மூன்று வட்டாரங்களாகப் பிரிக்கலாம். ஜங்ஷனையும் மத்தியப் பேருந்து நிலையத்தையும் ஒட்டிய வில்லியம்ஸ் ரோடு, ராக்கின்ஸ் ரோடு பக்கம் ஒன்று. சத்திரம், மலைக்கோட்டையைச் சுற்றி ஒன்று. காவிரிப் பாலம் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே அம்மா மண்டபம் சாலையிலும் ராஜகோபுரத்தை ஒட்டியும் விடுதிகள் இருக்கின்றன. கொள்ளிடக் கரைப் பக்கம் பஞ்சக்கரையில் பக்தர்களுக்கான யாத்ரி நிவாஸ் இருக்கிறது. மூன்று வட்டாரங்களையும் இணைப்பது ஊருக்கே பிரபலமான ஒன்றாம் நம்பர் பஸ்.

இந்த வரைபடம் தெரியாமல் முன்பதிவு செய்தால் முதல் ஏமாற்றம் அங்கேயே தொடங்கும். 'பஸ் ஸ்டாண்டுக்கு மிக அருகில்' என்று விளம்பரம் இருக்கும். எந்த பஸ் ஸ்டாண்ட்? 2025-ல் பஞ்சப்பூர் பேருந்து முனையமும் திறந்துவிட்ட பிறகு, அந்த ஒரு வரிக்கு மூன்று அர்த்தம் இருக்கிறது. 'கோயிலுக்கு நடக்கும் தூரம்' என்பதும் அப்படித்தான். ஏழு பிராகாரங்களோடு 156 ஏக்கரில் விரிந்த கோயில் இது. 236 அடி ராஜகோபுரத்துக்கு எதிரிலேயே அறை கிடைத்தாலும், அங்கிருந்து கடைத்தெருவையும் வீதிகளையும் கடந்து ரங்கா ரங்கா கோபுரம் போய்ச் சேர்வதற்குள் பாட்டிக்கு மூச்சு வாங்கிவிடும். முன்பதிவுக்கு முன் ஒரு போன் போட்டு, எந்தக் கோபுரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டம் யார் பக்கம்?

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, இந்த விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. குறைபாடுள்ள சேவையை விலக்கிக்கொண்டு பணத்தைத் திருப்பித் தர மறுப்பது, நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது அதன் 2(47) பிரிவு. ரசீதில் காலக்கெடு குறிப்பிட்டிருந்தால் அதற்குள் தர வேண்டும். குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள். பில் தராமல் இருப்பதும் அதே பிரிவின்படி தவறுதான். 'பில் வேண்டாம்னா 100 ரூபாய் குறைச்சுக்கலாம் சார்' என்பதற்குத் தலையாட்டினால், பிறகு கேட்பதற்குக் கையில் ஆதாரம் இருக்காது.

பில் வந்தால் வரியையும் ஒரு பார்வை பார்க்கலாம். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம்தான். முன்பு இருந்த 12 சதவிகிதத்தை இன்னும் யாராவது போட்டிருந்தால் கேட்கலாம்.

அதற்காக எல்லா அறைக்கும் பணம் திரும்பி வராது. சொன்னபடி அறை இருந்து, 'எதிர் வீதியில் இன்னும் நல்லதாக ஒன்று பார்த்தோம்' என்று கிளம்பினால் அது சேவைக் குறைபாடு ஆகாது. விடுதிக்காரர் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. நாலு பேர் குளித்து, உடை மாற்றி, தரிசனமும் முடித்துவிட்டு வந்து 'ரூம் சரியில்லை, முழுப் பணமும் கொடுங்கள்' என்றால் அவர் என்ன செய்வார்? துணி வெளுக்க வேண்டும், அறையைத் துடைக்க வேண்டும், அந்த நேரத்தில் வந்த வேறொருவரையும் 'ரூம் இல்லை' என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

முதல் பதினைந்து நிமிடம்

அதனால்தான் நேரம் முக்கியம். பணம் கட்டும் முன் அறையைக் காட்டச் சொல்வது முதல் வேலை. பெரியவர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கட்டும். ஒருவர் மட்டும் மேலே போய் குழாயைத் திறந்து, கதவைச் சாத்தி, விரிப்பை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

முன்பே பணம் கட்டியாகிவிட்டது என்றால், பெட்டியைப் பிரிக்காமல், குளியலறையைப் பயன்படுத்தாமல் குறையைப் போனில் படம் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வராத குழாய் என்றால் சின்ன வீடியோ. விளம்பரத்தில் போட்டிருந்த அறைப் படத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டால், சொன்னதற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசம் தானாகத் தெரியும்.

அடுத்து, குரலை உயர்த்தாமல் வேறு அறை கேட்பது. சரிசெய்ய விடுதிக்கு வாய்ப்புக் கொடுத்தோம் என்பது பிற்பாடு பெரிய பலம். வேறு அறை இல்லை என்றால், 'இத்தனை மணிக்கு வந்தோம், இந்தக் குறை இருந்தது, இத்தனை மணிக்கு அறையை ஒப்படைத்தோம், பணத்தைத் திருப்பித் தரவும்' என்று விடுதியின் வாட்ஸ்அப் எண்ணுக்கோ மின்னஞ்சலுக்கோ நாலு வரி அனுப்ப வேண்டும். வரவேற்பறையில் வாயால் சொன்னதற்குச் சாட்சி இல்லை. போனில் நேரத்தோடு பதிவான நாலு வரிக்கு இருக்கிறது.

ஆன்லைன் தளம் வழியாகப் பதிவு செய்தவர்கள் அங்கேயும் புகார் பதிய வேண்டும். 2020-ம் ஆண்டின் இ-காமர்ஸ் விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு குறைதீர் அதிகாரி இருந்தாக வேண்டும். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். விடுதியின் பெயரில் போலித் தளம் நடத்தி பணம் பறித்திருந்தால் அது வேறு கதை. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

ஊருக்குத் திரும்பிய பிறகும் கேட்கலாம்

வெளியூர்க்காரர் வம்புக்கு நிற்க மாட்டார் என்பதுதான் தர மறுக்கும் விடுதிகளின் தைரியம். அந்தத் தைரியத்தில் அர்த்தமும் இருந்தது. 1986-ம் ஆண்டின் பழைய சட்டப்படி, விடுதி எங்கே இருக்கிறதோ, சம்பவம் எங்கே நடந்ததோ அங்கேதான் வழக்குப் போட வேண்டும். 1,500 ரூபாய்க்காகக் கோவையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ திருச்சிக்கு யார் நடையாய் நடப்பார்கள்?

புதிய சட்டம் இதை மாற்றிவிட்டது. புகார்தாரர் தான் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக வீட்டிலிருந்தே மனு போடலாம். காணொலி வழி விசாரணைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. சம்பவம் நடந்ததிலிருந்து இரண்டு வருடங்கள் அவகாசம்.

அவ்வளவு தூரம் போகும் முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பார்க்கலாம். தமிழிலேயே பேசலாம். புகாரைப் பதிந்து சம்பந்தப்பட்ட நிறுவனத்திடம் பேசுவார்கள். ஆணையம் போல அவர்களால் உத்தரவு போட முடியாது என்றாலும், பல சில்லறைத் தகராறுகளுக்கு அந்த ஒரு படியே போதுமானதாக இருக்கும்.

முதல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தது 1986 டிசம்பர் 24. அந்த நாளைத்தான் தேசிய நுகர்வோர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். வைகுண்ட ஏகாதசிக்காக ஸ்ரீரங்கத்தில் அறைகள் நிரம்பி வழியும் மார்கழி மாதத்தில்தான் அந்தத் தேதி வருகிறது. கூட்டம் அதிகமாக இருக்கும்போதுதான் 'இஷ்டம்னா இருங்க' என்ற பதிலும் அதிகமாகக் கேட்கும்.

அரங்கன் உண்டியலில் போடுவது மனமுவந்து போடும் காணிக்கை. தங்காத அறைக்கு விட்டுவிட்டு வரும் 1,500 ரூபாய் அந்தக் கணக்கில் சேராது. அதைக் கேட்டு வாங்கினால் பாட்டிக்குத் திரும்பும் வழியில் லோயர் பெர்த் டிக்கெட்டுக்காவது ஆகும்!