பக்கம் 47

என் முதுகலை ஆய்வேட்டில் 112 அடிக்குறிப்புகள் இருக்கின்றன. அதில் ஒன்று பொய். வைவாவில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கையெழுத்தாகி, கெட்டி அட்டை போட்டு, நூலகத்துக்கும் போய்விட்டது.

ஆய்வு தோட்டத் தமிழ்ப்பள்ளிகளில் நடந்த நாடகங்களைப் பற்றியது. 1952இல் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகள் திருவிழா இரவில் நாடகம் போட்டார்கள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஆதாரம், ஒரு பள்ளியின் ஆண்டு விழா மலரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை. பக்கம் 47. அந்த மலரை நான் கண்ணால் பார்த்ததே கிடையாது. எனக்கு முன் எழுதப்பட்ட ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்பை அப்படியே எடுத்துப் போட்டேன். மாட்டினது எப்படி என்றால், அதே பத்தியைக் கட்டுரையாக்கி ஓர் இதழுக்கு அனுப்பியபோது ஆசிரியர் சாதாரணமாகக் கேட்டார்: "அந்தப் பக்கத்த ஒரு படம் எடுத்து அனுப்புங்களேன், கட்டுரையோட போட்டா நல்லா இருக்கும்."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. குற்ற உணர்ச்சி பாதி. மலரை எங்கே போய்த் தேடுவது என்பது மீதி.

தேடுவது என்றால் நமக்குத் தெரிந்தது சொல்லைப் போட்டுத் தேடுவது. எந்தச் சொல்லை? தோட்டப் பள்ளி, தமிழ்ப்பள்ளி, எஸ்டேட் ஸ்கூல், எஸ்.ஜே.கே.டி. எல்லாம் ஒன்றுதான், ஆனால் நான்கையும் தனித்தனியாகத் தேட வேண்டும். கட்டுரை எழுதியவர் நாடகம் என்ற சொல்லையே போடாமல் கூத்து என்று எழுதியிருந்தால் முடிந்தது கதை.

இந்தத் தலைவலி அறிவியல்காரர்களுக்கும் இருந்தது. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955இல் சயன்ஸ் இதழில் ஒரு யோசனை சொன்னார். கட்டுரைகளைத் தலைப்புச் சொற்களால் அடுக்குவதற்குப் பதில், எது எதை மேற்கோள் காட்டுகிறது என்பதை வைத்து அடுக்கலாமே என்றார். மூலயோசனை வக்கீல்களுடையது. அமெரிக்காவில் 1873 முதலே ஷெப்பர்ட் என்பவர் தொடங்கிய பட்டியல் இருந்தது. ஒரு பழைய தீர்ப்பை எடுத்தால், அதைப் பிறகு வந்த எந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை தள்ளின என்று அது காட்டும். தள்ளுபடியான தீர்ப்பைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் நீட்டினால் மானம் போகும் இல்லையா, அதனால்தான்.

அடிக்குறிப்பு எப்போதும் பின்னால்தான் பார்க்கும். 1980இல் எழுதியவர் 1952ஐக் காட்டலாம், தன்னை 2010இல் யார் காட்டப்போகிறார் என்று அவருக்குத் தெரியாது. கார்ஃபீல்ட் அந்த அம்புக்குறியைத் திருப்பிவிட்டார். 1961ஆம் ஆண்டின் 613 இதழ்களை எடுத்து, அவற்றிலிருந்த 14 லட்சம் மேற்கோள்களைத் தலைகீழாக அடுக்கி அச்சிட்டார்கள். பழைய கட்டுரையின் பெயரைத் தேடினால் அதைக் காட்டிய புதிய கட்டுரைகள் கீழே வரிசையாக நிற்கும். சொல் மாறினாலும் கவலை இல்லை. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று எழுதியவரே சொல்லிவிட்டார், நூலகர் ஊகிக்க வேண்டியதில்லை. இன்று கூகல் ஸ்காலரில் ஒரு கட்டுரைக்குக் கீழே அதை மேற்கோள் காட்டியவர்களின் எண்ணிக்கை வருகிறதே, அதன் தாத்தா இதுதான். கூகல் தேடல் பக்கங்களை வரிசைப்படுத்திய முறையே இதன் தூரத்து உறவு.

சிங்கப்பூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1940களின் கடைசியில் டெரெக் டி சோலா பிரைஸ் என்ற இளைஞர் புக்கிட் தீமாவில் இருந்த ராஃபிள்ஸ் கல்லூரிக்குக் கணிதம் கற்பிக்க வந்தார். லண்டன் ராயல் சொசைட்டியின் இதழ்த் தொகுதிகள், 1665லிருந்து வந்தவை, கல்லூரிக்கு வந்து சேர்ந்திருந்தன. நூலகக் கட்டடம் முடியாததால் பிரைஸ் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், பத்துப் பத்து ஆண்டுகளாகப் பிரித்துக் கட்டில் பக்கத்தில் சுவரோரம் அடுக்கினார். அடுக்குகளின் உயரம் சீராகக் கூடாமல் ஒன்றைவிட ஒன்று பெருக்கமாக ஏறுவதைக் கண்டார். அறிவியலின் வளர்ச்சியை எண்ணிப் பார்க்கும் துறைக்கு அந்தச் சுவரோரமும் ஒரு தொடக்கம். பின்னர் 1965இல், கட்டுரைகள் ஒன்றையொன்று காட்டுவது ஒரு வலை என்று எழுதினார். ஏதாவது ஓர் ஆண்டை எடுத்தால் இருக்கும் கட்டுரைகளில் 35 சதவீதத்தை அந்த ஆண்டு ஒருவர்கூட மேற்கோள் காட்டுவதில்லை என்பதும் அவர் கணக்கு.

நம்மிடம் அப்படி ஒரு பட்டியல் கிடையாது. ஆனால் பழக்கம் இருந்திருக்கிறது. வளையாபதியும் குண்டலகேசியும் முழுதாகக் கிடைக்கவில்லை. இன்று நம் கையில் இருக்கும் பாடல்கள் உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டியும் தொகுத்தவர்கள் சேர்த்தும் விட்டுப்போனவைதான். மயிலை சீனி. வேங்கடசாமி, மறைந்துபோன தமிழ் நூல்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுத முடிந்தது அந்த மேற்கோள்களின் தயவால். மலேசியத் தமிழ்க் கட்டுரைகளில் மட்டும் 'ஓர் ஆய்வாளர் கூறுகிறார்' என்று எழுதிவிட்டுப் போகிறோம். யார் அந்த ஓர் ஆய்வாளர்? எனக்கு எரிச்சல் தரும் வாக்கியம் இது. நானும் எழுதியிருக்கிறேன்.

சரி, என் மலருக்கு வருகிறேன். பின்னால் நடந்து பார்த்தேன். நான் எடுத்த ஆய்வேடு இன்னொன்றிலிருந்து எடுத்திருந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. மூன்றிலும் பக்கம் 47. மூன்றாவதில் மட்டும் பள்ளியின் பெயரும் ஊரும் முழுதாக இருந்தன. அதைப் பிடித்துக்கொண்டு, ஒரு தலைமையாசிரியரிடம் கேட்டு, அவர் இன்னொருவரிடம் கேட்டு, கடைசியில் சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமான் வீட்டின் முன்னால் போய் நின்றேன். கட்டுரையாசிரியர் உயிரோடு இருந்தார். எண்பதைத் தாண்டியவர்.

"யாரு தம்பி நீங்க? மலருக்காகவா கோலாலம்பூர்லேர்ந்து வந்தீங்க?"

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 47ஆம் பக்கத்தில் மளிகைக் கடை விளம்பரம் இருந்தது. கட்டுரை 74இல். யாரோ எண்ணை மாற்றிப் போட, நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறோம். சிம்கின், ராய்சௌத்ரி என்ற இருவர் 2003இல் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள். சுமார் 4300 முறை மேற்கோள் காட்டப்பட்ட ஒரு கட்டுரையில் 196 மேற்கோள்கள் பிழையானவை. அவற்றில் வெவ்வேறு பிழைகள் 45தான். ஒரே தப்பான பக்க எண் 78 முறை வந்திருந்தது. படிக்காமலே நகலெடுத்தவர்கள்தான் அதிகம் என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

எண்ணோடு போயிருந்தால் பரவாயில்லை. கட்டுரையை அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து படித்தேன். நாடகம் நடக்கவே இல்லை. மூன்று மாதம் ஒத்திகை பார்த்தார்கள். அவசரகாலம், இரவில் ஊரடங்கு. திருவிழாவையே பகலோடு முடிக்கச் சொல்லிவிட்டார்கள்.

"எனக்கு மந்திரி வேஷம். வசனம் இன்னும் தெரியும், சொல்லட்டுமா?" என்றார். பாதி சொன்னார். பிறகு நிறுத்திவிட்டு, "இத யாருமே படிக்கலன்னு நெனச்சேன். நீ ஒருத்தன்தானா, வேற யாராச்சும் எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார்.

நான்கு பேர் என்றேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு, நாங்கள் என்ன எழுதியிருந்தோம் என்பதைச் சொல்ல நேரமானது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"மொத ஆளு வந்து பார்த்தாரோ என்னமோ. ஒரு பொண்ணு வந்த மாதிரி ஞாபகம். டீ குடிச்சிட்டு அவசரமா போச்சு."

இதழுக்குக் கட்டுரையைத் திருத்தி அனுப்பிவிட்டேன். ஆய்வேட்டில் ஒரு திருத்தத் தாள் ஒட்டலாமா என்று கேட்டு எழுதினேன். கட்டிய பிறகு எதையும் சேர்க்க விதி இல்லை என்று பதில் வந்தது. ஆகவே அலமாரியில் அந்தப் பிள்ளைகள் இன்னும் நாடகம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்து எடுப்பவருக்கும் அது கிடைக்கும்.

கிளம்பும்போது மலரையும் ஒரு பென்சிலையும் நீட்டினார். "அந்த நாலு பேரு பேரயும் பின்னட்டைல எழுதிக் குடு தம்பி. வருஷமும் போடு."

எழுதினேன். என் பெயர் கடைசியில். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பக்க எண்ணைப் போடச் சொன்னார், போட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலால் மேலிருந்து கீழே படித்தார்.

"எல்லாருமே நாப்பத்தேழுதானா?"

"ஆமா சார்."

"அது சின்னச்சாமி கடை விளம்பரம்ல," என்று சிரிக்க ஆரம்பித்தார்.