டீச்சர் கேட்ட கேள்வி

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பாலிடெக்னிக் வாசலை மிதித்தவன் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும். மீதி எழுத்தையெல்லாம் எனக்குத் தந்தவர் வல்லத்திராக்கோட்டைப் பக்கத்துத் தொடக்கப்பள்ளி டீச்சர்.

போன மாதம் புதுக்கோட்டை பஸ்ஸில் அவரைப் பார்த்தேன் நண்பர்களே! எழுந்து இடம் கொடுத்தேன். "விருப்ப ஓய்வுக்கு எழுதிக் குடுத்திரலாம்னு இருக்கேன்ப்பா. முடியல" என்றார். எனக்குப் பகீரென்றது.

ஐந்து வகுப்பு, ஆசிரியர் இருவர். சட்டப்படி இது தவறே இல்லை! 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்கிறது. தலையை எண்ணுகிறது, வகுப்பை எண்ணவில்லை. ஒருவர் ஆபீஸ் வேலையாகப் போனால் ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் தவிர வேறு வெளிவேலை கூடாது என்பதும் அதே சட்டம்தான். ஆனால் வருகைப் பதிவு முதல் இலவசச் செருப்பு கொடுத்த கணக்கு வரை செல்போனில் ஏற்றுவது யார்? சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்கு ஓடணுமாம். "போனை வச்சிட்டுத் திரும்பினா பெல் அடிச்சிடுது" என்றார்.

ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பின்னக் கணக்கு வராது. சாப்பாட்டு நேரத்தில் உட்கார வைத்துச் சொல்லித் தருவார். அவர் சாப்பிட்டாரா என்று ஒருநாளும் நான் கேட்டதில்லை. இப்போது "போகாதீங்க டீச்சர்" என்று சொல்ல வாய் வரவில்லை.

இறங்கும்போது, "டிராயிங்கெல்லாம் ஒழுங்கா வருதா?" என்றார்.

"வருது டீச்சர்" என்றேன். அரியர் இருப்பதைச் சொல்லவில்லை.