ஹூஸ்டன் நகரத்து வைத்தியப் பள்ளி

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில், பேய்லர் மருத்துவக் கல்லூரியும் அந்நகரத்துப் பொதுப்பள்ளி நிர்வாகமும் சேர்ந்து 1972-ஆம் ஆண்டில் தொடங்கிய உயர்நிலைப் பள்ளியைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், சம்பளம் வாங்காத பள்ளிக்கூடத்தில் இவ்வளவு பெரிய வித்தையைப் பிள்ளைகளுக்குப் பழக்க முடிகிறதே என்ற வியப்பு மேலிடுகிறது. கணிதம், சரித்திரம் முதலிய சாதாரணப் பாடங்களோடு, சரீர சாஸ்திரத்தையும் நோயாளியைப் பேணும் முறையையும் அங்கே கற்பிக்கிறார்கள்.

1996-இல் அப்பள்ளிக்கு மைக்கேல் டிபேக்கி என்னும் இருதய சிகிச்சை நிபுணரின் பெயரைச் சூட்டினார்கள். பொருத்தமான பெயர். லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு லூசியானாவில் பிறந்து, பால்யத்தில் தாயாரிடம் தையல் கற்ற அம்மனிதர், 1950-களின் தொடக்கத்தில் கடைக்குப் போய் நைலான் துணி கேட்டு, இல்லையென்றதும் டேக்ரான் என்னும் துணியை வாங்கிவந்து, மனைவியின் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்தார். பழுதுற்ற ரத்தக் குழாய்க்கு அதுவே மாற்றாயிற்று. (தாயார் கற்றுக்கொடுத்தது எந்தப் பட்டத்துக்குக் குறைந்தது!)

பதினான்கு வயதுப் பிள்ளை தன் தொழிலை நிச்சயிப்பது அகாலமல்லவா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆயினும், ஆஸ்பத்திரியின் வாடையையும் நோயாளியின் முனகலையும் இளமையிலேயே அறிந்து, இது நமக்கு ஒத்துவராது என்று ஒரு பிள்ளை விலகிக்கொண்டாலும் அதுவும் லாபமே என்பது என் அபிப்பிராயம். வீட்டை அடமானம் வைத்துப் படித்த பிறகு அந்த ஞானம் உதிப்பதுதான் கொடுமை. 2017 முதல் அப்பள்ளி டெக்சஸ் மருத்துவ மையத்திலேயே, ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே நடந்துவருகிறது.