முள் ஏறினா ஹெட் போச்சுன்னு அர்த்தமா?

பழைய கார் வெச்சிருக்கிறவங்களுக்குன்னு ஒரு வியாதி உண்டு. முன்னாடி போற லாரியைப் பாக்க மாட்டாங்க, டேஷ்போர்டுல டெம்பரேச்சர் முள்ளைத்தான் பாப்பாங்க. எனக்கு அது முத்திப்போனது போன வருஷம் மே மாசம்.

நம்ம வண்டி 2003 மாடல். கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், இருபது வருஷம் ஓடின வண்டி மேல என்ன குறை சொல்றது? ஏசி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஆனா அதுக்கு ஒரு முக்கியமான வேலை இருக்கு. செவ்வாய், வியாழன், சனி மூணு நாளும் மாமாவை (மனைவியோட அப்பா) ஓமலூர்லேர்ந்து சேலத்துக்கு டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போய் வரணும். நாலு மணி நேரம் மெஷின்ல இருந்துட்டு வர்றப்ப மனுஷன் துவண்டு போயிருப்பார். தாகம் எடுத்தாலும் இஷ்டத்துக்குத் தண்ணி குடிக்க முடியாது, டாக்டர் அளந்து வெச்சிருக்கார். அவரை வெச்சுக்கிட்டு மே மாச வெயில்ல நடுரோட்டுல பானெட்டைத் தூக்கி நிக்கிறதை யோசிச்சுப் பாருங்க.

ஒரு செவ்வாய்க்கிழமை ஐந்து ரோடு சிக்னல்ல நிக்கும்போது முள் பாதியைத் தாண்டி சிவப்பைத் தொடப் போச்சு. ஹைவே ஏறினதும் தானா இறங்கிடுச்சு. சாயங்காலம் ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். பானெட்டைத் திறந்தார், ரேடியேட்டரைப் பாத்தார், "ஹெட் கேஸ்கெட் போச்சு சார். ஹெட்டை இறக்கணும். பதினஞ்சாயிரம் ஆவும், நாலு நாள் வண்டி இங்க நிக்கணும்"னார். இல்லாட்டி தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுட்டு ஓட்டிப் பாக்கலாமாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டுறது நம்மூர்ல காலங்காலமா நடக்குற வைத்தியம். அது ஒரு வால்வு. இஞ்சின் 80 சொச்சம் டிகிரி வர்ற வரைக்கும் தண்ணியை ரேடியேட்டருக்கு விடாது. அதை எடுத்துட்டா இஞ்சின் சூடாகவே நேரமாகும், மைலேஜ் விழும், தேய்மானம் கூடும். நோய் அப்படியே இருக்கும்.

அடுத்த டிரிப் வியாழக்கிழமை. கையில ஒரு நாள். புதன்கிழமை லீவு போட்டேன்.

முதல் கேள்வி: நிஜமாவே சூடா, முள் பொய் சொல்லுதா? டெம்பரேச்சர் முள்ளோட பெட்ரோல் முள்ளும் சேர்ந்து ஏறினா, மீட்டருக்கு வர்ற கரண்ட்லயோ எர்த்லயோ கோளாறுன்னு சந்தேகப்படணும். என் வண்டியில பெட்ரோல் முள் ஒழுங்கா இருந்துச்சு. எலக்ட்ரீஷியன் நண்பர்கிட்ட இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கிட்டு வந்தேன் (கொரோனா காலத்துல நெத்தியில காட்டினாங்களே அது இல்ல, அது காய்ச்சல் வரைக்கும்தான் எண்ணும் :-)). பளபளப்பான அலுமினியத்துல காட்டினா அது குறைச்சுக் காட்டும். அதனால கறுப்பு ஹோஸ் மேல காட்டணும். வண்டியை நிறுத்தி வெச்சு ஓட விட்டேன். முள் முக்காலுக்கு வந்தப்ப ஹோஸ் 98 டிகிரி, இன்னும் ஏறிக்கிட்டே இருந்துச்சு. முள் சொன்னது நிஜம்தான். ஆஃப் பண்ணிட்டேன்.

ரெண்டாவது: கேஸ்கெட்டா? இஞ்சின் நல்லா ஆறின பிறகுதான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கணும். சூட்டுல திறக்கவே கூடாது. அந்த மூடி உள்ள அழுத்தத்தைப் பிடிச்சு வெக்குது. 0.9 பார் மூடின்னா வெறும் தண்ணியே கிட்டத்தட்ட 118 டிகிரியிலதான் கொதிக்கும். திறந்த நொடியில அழுத்தம் போயி மொத்தமும் கொதிச்சு முகத்துல அடிக்கும்.

ரெண்டு மணி நேரம் ஆற விட்டு மூடியைத் திறந்தேன். தண்ணி கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு, ஊத்தினேன். மூடி இல்லாமலே ஸ்டார்ட் பண்ணிப் பாத்தேன். கேஸ்கெட் போயிருந்தா சிலிண்டர் காத்து தண்ணிக்குள்ள புகுந்து விடாம குமிழி வரும். வரல. ஆயில் மூடிக்கு அடியில பால் காப்பி கலர்ல எதுவும் இல்ல. சைலன்சர்ல வெள்ளைப் புகை இல்ல. மூச்சு வந்துச்சு எனக்கு.

மூணாவது: எப்ப ஏறுது? இதுதான் முக்கியமான கேள்வி. ஹைவேல ஏறினா ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப்புன்னு தேடணும். நின்னா ஏறி, ஓடினா இறங்கினா முதல்ல ஃபேனைப் பாக்கணும். வேகமா போகும்போது எதிர்காத்தே ஃபேன் வேலையைச் செஞ்சுடும்.

மூடியைப் போட்டு மறுபடி ஓட விட்டேன். மேல் ஹோஸும் சுட்டுச்சு, கீழ் ஹோஸும் சுட்டுச்சு. அப்ப தெர்மோஸ்டாட் திறக்குது, தண்ணி சுத்துது. ஆனா 95ஐத் தாண்டியும் ஃபேன் சுத்தல. பேட்டரிலேர்ந்து நேரா கரண்ட் கொடுத்தேன், ஜம்முன்னு சுத்துச்சு. ஃப்யூஸ் நல்லா இருந்துச்சு. ரேடியேட்டர் அடியில இருக்கிற தெர்மோ ஸ்விட்ச்சோட ரெண்டு ஒயரையும் கழட்டி ஒண்ணா சேர்த்தேன். ஃபேன் ஓடுச்சு. திருடன் மாட்டிக்கிட்டான்!

ஸ்விட்ச் ஐந்நூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சுது. ரப்பர் காஞ்சு போயிருந்த ரேடியேட்டர் மூடியையும் மாத்தினேன். கூலன்ட் ஊத்தி, காத்து வெளியேற்றி, வீட்டு வாசல்லயே அரை மணி நேரம் ஐடில்ல விட்டேன். ஃபேன் மூணு தடவை தானா ஓடி தானா நின்னுச்சு.

மெக்கானிக்கைத் தப்பு சொல்ல இதை எழுதல. கேஸ்கெட் போறதும் நடக்கும். சூட்டோட ஓட்டிக்கிட்டே இருந்தா அலுமினிய ஹெட் வளைஞ்சு நிஜமாவே போயிடும். ஆனா ஹெட்டை இறக்குற முன்னாடி இந்த மூணு கேள்வியையும் கேட்டுடுங்க. நடுவழியில முள் ஏறினா ஓரமா நிறுத்தி ஆஃப் பண்ணுங்க. நிறுத்த இடமில்லாத டிராஃபிக்னா ஹீட்டரை ஃபுல்லா வைங்க, அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். உள்ள வேகும், ஆனா இஞ்சின் பிழைக்கும்.

வியாழக்கிழமை மாமா வண்டியில ஏறும்போது, "மாப்பிள்ளை, நேத்து பூரா வண்டிக்கு என்னமோ டெஸ்ட் எடுத்தீங்களாமே, ரிசல்ட் எப்படி?"ன்னு கேட்டார்.

"நார்மல் மாமா"ன்னேன்.

"பரவால்ல, அதுக்காவது நார்மல்னு வந்துச்சே"ன்னு சிரிச்சுக்கிட்டே சீட் பெல்ட்டை மாட்டினார்.