களை

"அக்கா, முகத்த மட்டும் கொஞ்சம் லைட்டாக்கிக் குடுங்க."

கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. இந்த வாக்கியம் வாட்ஸ்அப்பில் வராத வாரம் அரிது. 'லைட்' என்றால் வெளிச்சம். வெளிர் நிறம் என்றாலும் 'லைட்'தான். ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. கேட்கிறவருக்கு எது வேண்டும் என்பது பல சமயம் அவருக்கே தெரியாது. செய்கிற எனக்குத் தெரிந்தாக வேண்டும். ஒன்றைச் செய்தால் மற்றது கெட்டுப்போகும்.

போட்டோஷாப்பில் வெளிச்சம் கூட்டும் கருவிக்கு டாட்ஜ் என்று பெயர். அதன் சின்னம் குச்சியில் செருகிய ஒரு வட்டம். இருட்டாக்கும் கருவி பர்ன். அதன் சின்னம் குவித்த கை. இரண்டும் ஃபிலிம் காலத்து இருட்டறையிலிருந்து வந்தவை. நெகட்டிவ் வழியாகத் தாளில் ஒளி விழும்போது, கம்பியில் ஒட்டிய அட்டையால் ஓரிடத்தை மறைத்தால் தாளில் அந்த இடம் வெளிறும். கையைக் குவித்து ஓரிடத்தில் மட்டும் கூடுதல் நேரம் ஒளி விட்டால் அது கறுக்கும். அன்செல் ஆடம்ஸ் 1941இல் நியூ மெக்ஸிகோவில் எடுத்த 'மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ்' படத்தைப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப அச்சிட்டார். பிற்கால அச்சுகளில் வானம் முன்னதைவிட நன்றாகக் கறுத்திருக்கும். அதனால் 'எடுத்த படத்தைத் தொடக்கூடாது' என்று வாதாடுகிறவள் இல்லை நான். தொடுவதுதான் என் வேலை.

எப்படித் தொடுகிறேன் என்று சொல்கிறேன். படத்துக்கு மேல் ஒரு லேயர் போட்டு, அதை 50 விழுக்காடு சாம்பலால் நிரப்பி, ஓவர்லே முறைக்கு மாற்றுவேன். சாம்பல் கண்ணிலிருந்து மறைந்துவிடும். அதன்மேல் வெள்ளை தீட்டினால் அடியில் இருக்கும் படம் வெளிச்சமாகும், கறுப்பு தீட்டினால் இருட்டாகும். மூலப் படம் அப்படியே இருக்கும். பிரஷ்ஷின் ஓட்டத்தை மூன்று, நான்கு விழுக்காட்டுக்கு மேல் வைப்பதில்லை. ஒரு தடவை தீட்டினால் எதுவுமே நடக்காத மாதிரி இருக்க வேண்டும். இருபது தடவை தீட்டியபிறகு கன்ன எலும்பு எழுந்து வர வேண்டும். அடிக்கடி படத்தைச் சின்னதாக்கித் தள்ளி நின்று பார்க்க வேண்டும். பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே தீட்டினால் தோலின் துளைகள்தான் தெரியும், ஆள் தெரியமாட்டார்.

இனி தோல். தோலில் படும் ஒளி இரண்டு வழியில் திரும்பி வருகிறது. ஒரு சிறு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் தெறிக்கிறது. அதுதான் நெற்றியிலும் மூக்கு நுனியிலும் நாம் பார்க்கும் பளபளப்பு. அதன் நிறம் ஒளியின் நிறம். தோலின் நிறம் அதில் கலப்பதில்லை. மிச்சம் தோலுக்குள் புகுந்து, மெலனினையும் இரத்தத்தையும் சந்தித்து, நிறம் வாங்கிக்கொண்டு வெளியே வருகிறது. நமக்கெல்லாம் வித்தியாசப்படுவது இந்த இரண்டாவது பங்குதான். முதல் பங்கு எந்தத் தோலிலும் ஏறக்குறைய ஒரே அளவு. அடித்தளம் கறுப்பாக இருக்க இருக்க அதன்மேல் தெறிக்கும் ஒளி துலக்கமாகத் தெரியும். வெள்ளைத் தாளில் பென்சில் கோடு தெரிவதுபோல, கறுத்த தோலில் வெளிச்சம் தெரியும்.

இதைப் படித்தபோது நம்மூர்ப் பேச்சு ஒன்று நினைவுக்கு வந்தது. "கருப்பா இருந்தாலும் களையா இருக்கா." பெண் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சொல்வது. அந்த 'இருந்தாலும்' எனக்குச் சின்ன வயதிலிருந்தே உறுத்தும். களை என்று அவர்கள் பார்த்தது என்ன? நெற்றியில் ஒரு வெளிச்சம், மூக்குத் தண்டில் ஒரு கோடு, மேலுதட்டின் விளிம்பில் ஒரு மினுக்கம். அது கறுப்பாக இருப்பதால்தான் அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது. 'இருந்தாலும்' என்ற இடத்தில் 'இருப்பதால்' என்று போட்டால் வாக்கியம் அறிவியல்படி சரியாகிவிடும்.

முகம் முழுவதையும் வெளுக்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறானது. அடித்தளம் மேலே ஏறி மினுக்கத்துக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்ளும். இரண்டுக்கும் இடைவெளி போய்விட்டால் மேடு பள்ளம் இல்லை, முகம் பேப்பர் தட்டு மாதிரி தட்டையாகிவிடும். அதிலும் வெள்ளையைக் கலந்து தூக்கினால் தோலின் செம்மை கலைந்து திருநீறு பூசியதுபோல் சாம்பல் பூக்கும். பிறகு அதைச் சரிக்கட்ட ரோஜா நிறம் சேர்ப்பார்கள். அதோடு மணப்பெண் வேறு யாரோ ஆகிவிடுவாள்.

இந்தப் பழக்கத்துக்குக் கல்யாண ஸ்டூடியோக்களை மட்டும் குறை சொல்ல முடியாது. ஃபிலிம் காலத்தில் அச்சகங்கள் நிறம் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய அட்டைகளில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். 'ஷெர்லி அட்டை' என்பார்கள். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. கனடா ஆய்வாளர் லோர்னா ரோத் 2009இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு தகவல் உண்டு: அடர் பழுப்பு நிறங்கள் ஃபிலிமில் ஒழுங்காக விழவில்லை என்ற முறையீடு சாக்லேட், மரச்சாமான் விளம்பரக்காரர்களிடமிருந்து வந்தபிறகுதான் கோடாக் அதைக் கவனித்ததாம். நம் பாட்டிமார்களின் முகத்துக்காக அல்ல, நாற்காலிக்காக.

வரைகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். என்னிடம் டிஜிட்டல் ஓவியம் கற்க வரும் தம்பி தங்கைகள் பழுப்பு நிறம் எடுப்பார்கள், நிழலுக்குக் கறுப்பைச் சேர்ப்பார்கள், வெளிச்சத்துக்கு வெள்ளையைச் சேர்ப்பார்கள். முகம் சேறாகும். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: வெளிச்சம் எங்கிருந்து வருது? பத்துமலைப் படியில் மதியம் என்றால் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேர்மேலே. கண்குழி இருண்டு, நெற்றி பளிச்சிடும். கிள்ளான் கடைவரிசையின் ஐந்தடி நடைபாதை என்றால் தெருவிலிருந்து பக்கவாட்டில் மெல்லிய ஒளி வரும். குத்துவிளக்கு என்றால் மினுக்கமே ஆரஞ்சு நிறம். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். மல்டிப்ளை லேயரில் ஊதாவோ கரும்சிவப்போ போட்டுப் பாருங்கள், இரத்தம் ஓடும் முகம் வரும். கும்பகோணம் பக்கத்துக்காரரான ஓவியர் இளையராஜா 2021 ஜூனில் கொரோனாவில் இறந்துபோனார். அவருடைய பெண்களைப் பார்க்கச் சொல்வேன். வாசல் வழியாக வரும் ஒளியில் அந்த மாநிற முகங்கள் இருப்பதைப் பாருங்கள். அவர் யாரையும் வெளுக்கவில்லை. வெளிச்சத்தை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

போட்டோவை நிழற்படம் என்றும் சொல்கிறோம், ஒளிப்படம் என்றும் சொல்கிறோம். பழந்தமிழில் 'நிழல்' என்ற சொல்லுக்கே ஒளி என்றும் ஒரு பொருள் உண்டு. நிழலை அழுக்கு மாதிரி துடைத்தெடுக்கும் நமக்கு இது ஞாபகம் இருந்தால் நல்லது.

என் பாட்டிக்கு இருந்தது ஒரே ஒரு படம், பழைய ஐசியில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படம். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் மரம் வெட்டப் போனவருக்குப் படம் எடுக்க வேறு சந்தர்ப்பம் வரவில்லை. அவர் இறந்தபோது ஒரு கடையில் கொடுத்து அதைப் பெரிதாக்கி, கலர் போட்டு வாங்கினார்கள். ரோஜா நிற முகம், உதட்டில் சாயம். பெரியம்மா வீட்டு ஹாலில் மாலையோடு தொங்குவது அந்தப் பாட்டிதான்.

போன வருடத் திதிக்கு முன்னால் நான் ஐசி படத்தை ஸ்கேன் செய்தேன். நேருக்கு நேர் ஃபிளாஷ் அடித்த முகம், நிழலே இல்லை. கலர் போடவில்லை. வெள்ளை ரவிக்கையோடு ஒப்பிட்டு முகத்தின் கருமையை எந்த அளவில் இருந்ததோ அந்த அளவிலேயே விட்டேன். வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும் என்று அம்மாவைக் கேட்டேன். "சாயங்காலம் லயத்து வாசல்ல உக்காந்து வெத்தல போடுவாங்க, மேக்குப் பக்கம் பாத்து." அது போதும். இடது பக்கம் மெல்ல நிழல், தேங்காய் எண்ணெய் வைத்த நெற்றியில் ஒரு மினுக்கம், மூக்குத்தியில் ஒரு புள்ளி. மூன்று ராத்திரி ஆனது.

பெரியம்மா ரொம்ப நேரம் பார்த்தார். "அம்மா இவ்ளோ கருப்பில்லயே மா" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பிறகு விரலால் கண்ணாடிமேல் தடவி, "மூக்கு அம்மா மூக்குதான். அதுல மூக்கே இல்ல" என்றார்.

படையலுக்கு இன்னமும் ரோஜா நிறப் பாட்டிதான். என் படத்தை அறைக்குள் அலமாரியில் வைத்திருக்கிறார். ஆனால் போன மாதம் ஜோகூரில் இருக்கும் மகளுக்காக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "அந்தப் படம் இன்னொன்னு அடிச்சிக் குடு மா. மூக்கு தெரியுமே, அது."