பறித்தவன் பேர்

ஆங்கிலப் பத்திரிகைகளில் ‘பெரெஃப்ட்’ என்ற சொல் இப்போது சர்வசாதாரணம். யோசனை வறண்ட அரசியலுக்கும் போடுகிறார்கள், உப்புச்சப்பில்லாத சினிமாவுக்கும் போடுகிறார்கள். ‘அற்ற’ என்று பொருள் எடுத்துக்கொண்டு நாமும் தாண்டிப் போகிறோம். வேரைத் தோண்டினால் வருவது கொள்ளை. பழைய ஆங்கிலத்தில் அது பறிகொடுத்தவனைக் குறித்தது. திருட்டைச் சொல்லும் ‘ராப்’ அதற்குப் பங்காளி. நீதிபதிகள் போட்டுக்கொள்ளும் ‘ரோப்’ கூட அதே வம்சம்தான். தோற்றவன் உடம்பிலிருந்து உருவியதுதான் ஆதியில் அங்கி!

நாஞ்சில் நாட்டுக்காரருக்கு இது விளங்க அகராதி வேண்டாம், மருமக்கள்வழி போதும். அந்தக் காலத்தில் குடும்பத் தலைவரான காரணவர் கண்ணை மூடினால் வெள்ளாளர் வீட்டுச் சொத்து பெற்ற பிள்ளைகளுக்குப் போகாது, சகோதரி மகனான அனந்திரவனுக்குப் போகும். கட்டினவளுக்கும் பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்று ஏதோ கொஞ்சம். பதினாறு அடியந்திரம் முடிந்த கையோடு பத்தாயத்தின் தாக்கோல் கைமாறும். போன மாசம்வரை அவள் நின்று நெல் அளந்து கொடுத்த பத்தாயம். களவு போயிற்று என்று யாரிடம் சொல்ல? அதுதானே முறை!

தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இதைத்தான் ‘மருமக்கள்வழி மான்மியம்’ ஆக்கினார். ‘தமிழன்’ பத்திரிகையில் 1917 வாக்கில் பெயர் போடாமல் தொடராக வந்தது. ஐந்தாம் மனைவியாக வாக்கப்பட்டவள் தன் கதையைத் தானே சொல்கிறாள். அடுக்களைச் சண்டை, மாமியார் கொடுமை, வழக்கு, கடன், எல்லாம் உண்டு. எழுத்து முழுக்க எள்ளல். அழுது எழுதியிருந்தால் காரணவர்கள் ‘அய்யோ பாவம்’ என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போயிருப்பார்கள். ஊர் சிரித்ததால் உறைத்தது என்பது என் அபிப்பிராயம். எழுதினவரும் அந்தச் சமூகத்து ஆளே என்பதால் வெளியாள் வம்பு என்று தள்ளவும் முடியவில்லை.

திருவிதாங்கூரில் 1926இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. மனைவி மக்களுக்கு வாரிசுரிமை கிடைத்தது, குடும்பச் சொத்தைப் பாகம் பிரிக்கவும் வழி பிறந்தது. ஊர்ப்பேச்சு மட்டும் அத்தனை சுருக்கில் மாறவில்லை. சொத்தை விட்டு இறங்கினவளுக்கு ‘நாதியத்தவ’ என்று பெயர். எடுத்துக்கொண்டவனுக்கு அப்படி ஒரு பட்டப்பெயரும் கிடையாது. அம்மன் கொடைக்கு வரி எழுதும்போது மட்டும் அவன் பேரை முதலில் எழுதுவார்கள்.